லேப்டாப் காலையிலிருந்து ராத்திரி வரை பிளக்கிலேயே இருக்கு, பேட்டரிக்கு எது நல்லது?

வண்ணைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். வீடு புதுவண்ணாரப்பேட்டை, மாடியில ஷீட் போட்ட ரூம். சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் இருக்கிற ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில் எல்லாம் அடிச்சுக் கொடுக்கிறேன். காலைல எட்டரைக்கு லேப்டாப்பைத் திறந்தா, ஹார்பர்ல சரக்கு மாட்டிக்கிட்ட நாள்ல ராத்திரி பத்து மணி கூட ஆகும். அவ்வளவு நேரமும் சார்ஜர் பிளக்கிலேயே இருக்கும். மிஷினைத் தூக்கிக்கிட்டு வெளிய போற வேலையே கிடையாது.

வாங்கின புதுசுல கரண்ட் போனா மூணு மணி நேரம் தாங்கும். இப்ப ரெண்டு மணி நேரம்கூட வர மாட்டேங்குது. எங்க தெரு பில்லர் பாக்ஸ்ல (வீடுகளுக்குக் கரண்ட் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) எப்பவும் ஏதாவது வேலை நடந்துக்கிட்டே இருக்கும், மழை பெஞ்சா கேட்கவே வேணாம். ஐஸ்கேட்ல (இந்த பில்லெல்லாம் ஏத்துற கஸ்டம்ஸ் வெப்சைட்) பாதி ஏத்திக்கிட்டு இருக்கும்போது மிஷின் நின்னா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதனால பேட்டரி எனக்கு நிஜமாவே வேணும், ஒப்புக்கு இல்ல.

யோசனை சொல்றதுக்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்ல. நூறு ஆனதும் பிளக்கைப் பிடுங்கு, இருபதுக்கு வந்ததும் சொருகுன்னு என் தம்பி சொல்றான். வேலைக்கு நடுவுல அந்த நம்பரையே பார்த்துக்கிட்டு உட்கார முடியுமா? கீழ் வீட்டு மாமா பேட்டரியைக் கழட்டி பீரோவுல வைக்கச் சொல்றார். என் மிஷின்ல அடிப்பக்கம் பூரா ஸ்க்ரூ, கழட்டுற மாதிரியே இல்ல. ஆபீஸ்ல சிஸ்டம் பார்க்கிற பையன், "நூறு வந்ததும் தானா நின்னுடும்க்கா, அப்படியே விடுங்க"ன்னு போயிட்டான்.

இதுல யார் சொல்றதைக் கேட்கட்டும்? விண்டோஸ் 11 தான். வாங்கி மூணு வருஷம் ஆகப்போகுது.


மணலி மார்க்கெட்:

மாசத்துக்கு ஒரு தடவை சுத்தமா ஜீரோ வரைக்கும் இறக்கிட்டு, ஆஃப் பண்ணி வச்சு முழுசா ஏத்துங்க. பேட்டரிக்கு ஞாபகம் இருக்கும், அதை அழிச்சாத்தான் பழையபடி ஓடும். என் பழைய போனுக்கு அப்படித்தான் செஞ்சேன், நல்லா உழைச்சுது.


பெஞ்ச்காரர், தண்டையார்பேட்டை:

மணலி தலைவரே, கோச்சுக்காதீங்க. நீங்க சொல்றது நிக்கல் கேட்மியம் காலத்து வைத்தியம். அந்த பேட்டரியில மெமரி எஃபெக்ட்னு ஒண்ணு நிஜமாவே இருந்துச்சு. லித்தியம் அயான் பேட்டரியை சோனி கம்பெனி 1991ல கடைக்குக் கொண்டு வந்துச்சு, இப்ப எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் அந்த வகைதான். இதுக்கு அந்த ஞாபகமெல்லாம் பெருசா கிடையாது. ஜீரோவுக்கு இறக்கினா இதுக்கு வலிக்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்துக்கு முழுசா இறக்கி ஏத்தலாம். இருபது பர்சன்ட்னு காட்டிக்கிட்டு இருக்கும்போதே டக்குனு ஆஃப் ஆச்சுன்னா மீட்டர் தப்பா காட்டுதுன்னு அர்த்தம். அந்தக் கணக்கை நேர் பண்ண எப்பவாவது ஒரு தடவை செய்யலாம். மாசாமாசம் விரதம் மாதிரி செய்யாதீங்க.

இப்ப சிஸ்டருக்கு வர்றேன். நான் லேப்டாப் சர்வீஸ் பெஞ்சுல உட்கார்ற ஆளு. உங்களை மாதிரி வீட்டிலேயே பிளக் போட்டு ஓட்டுறவங்க மிஷின்தான் எனக்கு அதிகமா வருது.

ஆபீஸ் பையன் சொன்னது பாதி சரி. நூறு வந்ததும் உள்ள இருக்கிற சார்ஜிங் சர்க்யூட் தானா நிறுத்திடும். அதுக்கு அப்புறம் மிஷினுக்கு வேண்டிய கரண்ட் நேரா அடாப்டர்லேர்ந்து போகும், பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கும். ஓவர் சார்ஜ் ஆகி வெடிக்கும்னு பயமுறுத்துறதெல்லாம் சரியில்ல. ஆனா அவர் சொல்லாம விட்ட மீதிப் பாதியிலதான் விஷயமே இருக்கு. பேட்டரி நிரம்பிப் போய் சும்மா உட்கார்ந்திருக்கிறதே அதுக்கு ஆகாது. அதுகூட சூடும் சேர்ந்தா இன்னும் மோசம்.

ஏன்னு கேட்டா, நூறு பர்சன்ட்ல ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் கிட்ட நிக்கும், சில புது செல்லு அதுக்கும் மேல. கூட்ட நேரத்து 56 நம்பர் பஸ் மாதிரி, உள்ள நெருக்கித் தள்ளிக்கிட்டு நிக்கிற நிலைமை அது. அந்த வோல்டேஜ்ல உள்ள இருக்கிற திரவம் கொஞ்சம் கொஞ்சமா கெட ஆரம்பிக்கும். தகடு மேல ஒரு படலம் தடிச்சுக்கிட்டே போகும், லித்தியம் அதுல மாட்டிக்கிட்டு வேலைக்கு வராமப் போயிடும். பிடிக்கிற அளவு குறையறது இப்படித்தான். கூடவே கொஞ்சம் கேஸும் உண்டாகும். எண்பது பர்சன்ட்ல வச்சா செல்லு ஏறக்குறைய 4 வோல்ட்லயே நின்னுடும். பார்க்க 0.2 வோல்ட்தான், ஆனா வருஷக்கணக்குல அதுதான் வித்தியாசம்.

சூடு பத்தி தனியா சொல்லணும். பத்து டிகிரி கூடினா இந்த மாதிரி ரசாயன வேலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா நடக்கும்னு ஒரு உத்தேசக் கணக்கு உண்டு. ஷீட் ரூம்னு சொல்றீங்க. கத்திரி வெயில்ல மத்தியானம் அந்த ரூம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், நானும் ஷீட்டுக்குக் கீழ வளர்ந்தவன்தான். மிஷினை மெத்தை மேல, தலகாணி மேல வைக்காதீங்க. மரப்பலகை போதும். பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஏதாவது வச்சு ஒரு விரக்கடை தூக்கி விடுங்க, காத்து போகட்டும். அடாப்டர் செங்கல்லை மிஷினுக்கு அடியில சொருகி வைக்கிறவங்க இருக்காங்க, அதையும் செய்யாதீங்க. ஃபேன் சத்தமா ஓடிக்கிட்டே இருந்தா தூசி அடைச்சிருக்கு, சுத்தம் பண்ணக் கொடுங்க.

தம்பி சொல்ற பிடுங்குற வைத்தியம் வேணாம். நூறுலேர்ந்து இருபதுக்கு இறக்கி மறுபடி ஏத்துறது ஒவ்வொரு தடவையும் பேட்டரியோட ஆயுள்லேர்ந்து கொஞ்சம் தின்னும். நூறு பர்சன்ட் அளவு செலவழிஞ்சா ஒரு சைக்கிள். அதை ஒரே நாள்ல செலவழிச்சாலும் சரி, பாதி பாதியா ரெண்டு நாள்ல செலவழிச்சாலும் சரி. நிறைய லேப்டாப் பேட்டரிக்கு 300லேர்ந்து 500 சைக்கிள்னு கணக்கு வச்சிருக்காங்க. வீட்டில ஈபி கரண்ட் இருக்கும்போது அதை எதுக்கு வீணா எரிக்கணும்? பிளக் இருக்கட்டும், சார்ஜ் ஏறுற அளவை மட்டும் எண்பதுல கட்டுங்க.

அதுக்கான செட்டிங் கம்பெனிக்கு கம்பெனி வேற. லெனோவோன்னா 'வான்டேஜ்' ஆப்ல 'கன்சர்வேஷன் மோட்'. ஆசஸ்னா 'மைஆசஸ்'ல 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்', அதுல எண்பதுல நிறுத்துற வசதி இருக்கும். ஏசர்ல 'கேர் சென்டர்' ஆப், எண்பதுல நிறுத்துற பட்டன் இருக்கும். டெல்லுல 'பவர் மேனேஜர்' ஆப்ல, இல்லன்னா பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் திரை) 'பிரைமரிலி ஏசி யூஸ்'. ஹெச்பியில நிறைய மாடலுக்கு மிஷின் ஆன் ஆகும்போது எஃப்10 தட்டி பயாஸுக்குள்ள போனா 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்'னு இருக்கும். சில மலிவு மாடல்ல கம்பெனி இதைக் கொடுக்கவே இல்ல. அப்படி இருந்தா சூட்டையாவது குறைங்க, வேற வழியில்ல. நெட்ல ஏதோ ஒரு சாஃப்ட்வேரை இறக்கி எண்பதுல நிறுத்தும்னு போடாதீங்க, அதுல பாதி எண்பது வந்ததும் மணி மட்டும்தான் அடிக்கும்.

மாமாவுக்கும் ஒரு பதில் சொல்லிடறேன். கழட்டுற பேட்டரியா இருந்த காலத்துல கூட அது நல்ல யோசனை இல்ல. கரண்ட் போன நிமிஷம் ஐஸ்கேட்ல நீங்க அடிச்சது அத்தனையும் போயிடும். உள்ள இருக்கிற பேட்டரிதான் உங்க யுபிஎஸ்.

முதல்ல இப்ப பேட்டரி என்ன நிலைமையில இருக்குன்னு பாருங்க. ஸ்டார்ட்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர், சி, எஃப், ஜி எல்லாத்தையும் இங்கிலீஷ்ல ஒட்டி அடிங்க. ஒரு இடம் விட்டு, ஒரு சாய்வுக்கோடு (/) போட்டு, பேட்டரி ரிப்போர்ட்னு ரெண்டையும் சேர்த்து ஒரே சொல்லா அடிச்சு என்டர் தட்டுங்க. (போன்ல கீபோர்டு மாத்த சோம்பல், அதான் தமிழ்லயே சொல்றேன்.) ஃபைல் எங்க சேவ் ஆச்சுன்னு அதுவே காட்டும். அதுல 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி'ன்னு ரெண்டு வரி இருக்கும். அந்த ரெண்டு நம்பரையும் இங்க போடுங்க.


வண்ணைவாசி:

அண்ணா, ரொம்ப நன்றி. பார்த்தேன். டிசைன் 45,000 மில்லிவாட் ஹவர்னு இருக்கு. ஃபுல் சார்ஜ் 27,000. சைக்கிள் கவுன்ட் 61 தான் காட்டுது, இவ்வளவு கம்மியா இருக்கே?

எண்பதுல நிறுத்துற செட்டிங் கிடைச்சுது, போட்டுட்டேன். இன்னொண்ணு கேட்கணும், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. கொஞ்ச நாளா டச்பேடு வலது ஓரத்துல அமுக்கினா 'டிக்'குனு கேட்க மாட்டேங்குது, கல்லு மாதிரி இருக்கு. மூடினா முன்பக்கம் ஒரு பேப்பர் நுழையற அளவுக்கு இடைவெளி தெரியுது. கீலு லூசா போச்சா?


பெஞ்ச்காரர், தண்டையார்பேட்டை:

சிஸ்டர், மத்ததெல்லாம் அப்பறம். வேலையை சேவ் பண்ணிட்டு, மிஷினை ஷட் டவுன் பண்ணி, சார்ஜரை எடுத்திடுங்க. செட்டிங் எல்லாம் இனிமே இந்த பேட்டரிக்கு இல்ல, அடுத்த பேட்டரிக்கு.

டைல்ஸ் தரையில மிஷினை வச்சு நாலு மூலையையும் ஒண்ணொண்ணா விரலால அமுக்கிப் பாருங்க. ஆடினா அடித்தட்டு வளைஞ்சிருக்கு. டச்பேடுக்கு நேர் கீழதான் நிறைய மாடல்ல பேட்டரி படுத்திருக்கும். அது உப்பினா முதல்ல டச்பேடைத்தான் மேல தள்ளும். அமுக்க இடமே இல்லாததாலதான் 'டிக்' வரல. கீலு மேல பழி போட்டுட்டு வர்றவங்க நிறைய பேர். நான் மூடியைக் கழட்டினா உள்ள பேட்டரி தலகாணி மாதிரி இருக்கும்.

சைக்கிள் 61 தான்னு கேட்டீங்களே, மேல நான் சொன்னதுக்கு இதுவே சாட்சி. பேட்டரியை நீங்க உபயோகிச்சே தீர்க்கல. அது நூறுலயே சூட்டோட உட்கார்ந்து 45,000ல 27,000க்கு, அதாவது அறுபது பர்சன்ட்டுக்கு வந்திருக்கு. ஓடித் தேஞ்சது இல்ல.

எனக்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியும்னு தம்பி கிளம்புவான், விடாதீங்க. அந்தப் பேட்டரியைப் பல இடத்துல பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா பை கிழிஞ்சு, உள்ள ஷார்ட் ஆகி புகை கிளம்பும். கேஸை வெளிய விடலாம்னு ஊசி குத்துறது அதைவிட ஆபத்து. கழட்டத் தெரிஞ்ச கடையில கொடுங்க. பேட்டரி இல்லாமலே நிறைய மிஷின் அடாப்டர்ல ஓடும், சிலது வேகம் மட்டும் குறையும். புதுசு வர்ற வரைக்கும் அப்படி ஓட்டிக்கலாம். ஒவ்வொரு பில்லுக்கும் சேவ் அடிச்சுக்கங்க.

கழட்டின பேட்டரியை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. குப்பைத் தொட்டியில போடவே கூடாது. கார்ப்பரேஷன் லாரி அமுக்கும்போதே பத்திக்கும், இல்லன்னா கொடுங்கையூர் குப்பை மேட்டுல போய்ப் பத்தும். அங்க ஏற்கனவே எரியறது போதாதா? பேட்டரி கழிவுக்குன்னு 2022ல ஒன்றிய அரசு விதி போட்டிருக்கு, பழசைத் திரும்ப வாங்க வேண்டிய பொறுப்பு தயாரிக்கிறவங்களுக்கு உண்டு. அதனால புதுசு வாங்குற கடையிலயே பழசைக் கொடுத்துட்டு வாங்க. கொடுக்கிற வரைக்கும் கையில இருந்தா, முனையில டேப் ஒட்டி, காஞ்ச மணல் போட்ட இரும்பு டப்பாவுல, அடுப்புக்கும் வெயிலுக்கும் தூரமா வைங்க.


அத்திப்பட்டு பென்குயின்:

பெஞ்ச்காரர் விண்டோஸோட நிறுத்திட்டார், லினக்ஸ் ஆளுங்களுக்கு நான் சொல்றேன். 'டிஎல்பி'ன்னு ஒரு புரோகிராம் இருக்கு. அதோட கான்ஃபிக் ஃபைல்ல ஸ்டார்ட் 75, ஸ்டாப் 80னு போட்டா லெனோவோ திங்க்பேடுல கச்சிதமா வேலை செய்யும். எழுபத்தஞ்சுக்குக் கீழ போனாத்தான் ஏறவே ஆரம்பிக்கும். சும்மா சும்மா ஒரு பர்சன்ட் ரெண்டு பர்சன்ட் ஏத்திக்கிட்டே இருக்காது. மத்த கம்பெனி மிஷினுக்கு கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) சப்போர்ட் இருக்கான்னு பார்க்கணும்.

எங்க ஊர்ல இன்னொரு தொல்லை, சாம்பல். அனல்மின் நிலையத்துப் பக்கம் காத்து அடிச்சா மேஜை மேல விரலால பேர் எழுதலாம். அதே சாம்பல்தான் ஃபேன் வழியா உள்ள போய் ஹீட் சிங்குல (சூட்டை வெளியேத்துற உலோகத் தகடு) களிமண் மாதிரி படியுது. எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் ஆளுங்க எண்பதுல நிறுத்துறதைவிட முதல்ல ஃபேனைத் துடைங்க.

எண்பது எண்பதுன்னு எப்பவும் இருக்கவும் வேணாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப எங்களுக்கு கரண்ட் எப்ப வரும்னே தெரியாம கிடந்தோம். புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கு நூறுக்கு ஏத்துங்க, கரண்ட் ஒழுங்கானதும் எண்பதுக்கு மாத்திக்கங்க. ஒரு நாள் நூறுல இருந்தா ஒண்ணும் ஆயிடாது.


பெஞ்ச்காரர், தண்டையார்பேட்டை:

புயல் விஷயம் நல்லா சொன்னீங்க தலைவரே. அதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். கரண்ட் வந்து போய் வந்து விளையாடுற நேரத்துல சுவிட்சை அணைச்சு வைங்க, நிலையா நின்னதும் போடுங்க. அடாப்டர் 100லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், அதனால லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் எல்லாம் தேவையில்ல. ஆனா தெருவுல நியூட்ரல் ஒயர் போச்சுன்னா வீட்டுக்குள்ள 400 வோல்ட் கிட்ட கூட வரும். அதுக்கு எந்த அடாப்டரும் தாங்காது. பில்லர் பாக்ஸ்ல ஆள் இறங்கி வேலை செய்யறதைப் பார்த்தா பிளக்கைப் பிடுங்கிடுங்க சிஸ்டர். இதுல மட்டும் தம்பி பேச்சைக் கேட்கலாம்.


வண்ணைவாசி:

அண்ணா, நீங்க சொன்ன மாதிரியேதான். எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில திறந்து காட்டினாங்க. மூணு செல்லுல நடுவுல இருந்தது நல்லா உப்பி, மேல ஒட்டியிருந்த கறுப்புத் தாள் சுருங்கிப் போயிருந்துச்சு. டச்பேடோட அடித்தகட்டுல அது அழுத்தின தடம் கூட இருந்துச்சு. பழசை அவங்களே வாங்கிக்கிட்டாங்க. புது பேட்டரி போட்டாச்சு, டச்பேடு ரெண்டு பக்கமும் அமுங்குது.

ரெண்டு சந்தேகம். இது நல்ல பேட்டரிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கடைக்காரர் முதல் தடவை எட்டு மணி நேரம் ஆஃப் பண்ணி சார்ஜ் ஏத்தணும்னார். அப்படியா?

இன்னொரு கூத்து. பேட்டரி நல்லா இருக்குன்னு நான் நிம்மதியா இருக்க, நேத்து கரண்ட் போனதும் வைஃபை போயிடுச்சு. லேப்டாப் ஓடுது, நெட் இல்ல.


பெஞ்ச்காரர், தண்டையார்பேட்டை:

ஹா ஹா, வைஃபை விஷயத்தை எல்லாரும் மறந்துடறாங்க. ரவுட்டருக்குன்னு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் டப்பா விக்குது, ரிச்சி ஸ்ட்ரீட்ல கேளுங்க. ரவுட்டர் அடாப்டர்ல போட்டிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் போட்டோ எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் போன் ஹாட்ஸ்பாட்.

எட்டு மணி நேரம் எல்லாம் வேணாம். அதுவும் நிக்கல் காலத்துச் சங்கதிதான். பேட்டரி சிப்பு நிறுத்தச் சொன்ன இடத்துல சார்ஜ் நின்னுடும், எட்டு மணி நேரம் என்ன, எண்பது மணி நேரம் வச்சாலும் அதுக்கு மேல ஏறாது.

நல்லதான்னு பார்க்க, ஒரு தடவை நூறு வரைக்கும் ஏத்தி, பேட்டரியில ஓட்டி இறக்கி, மறுபடி ஏத்திட்டு அதே ரிப்போர்ட்டை எடுங்க. ஃபுல் சார்ஜ் நம்பர் டிசைன் நம்பர் கிட்ட இருக்கணும். புதுசுன்னு கொடுத்தது ஆரம்பத்துலயே ரொம்பக் கீழ காட்டினா, பல வருஷம் கடையில கிடந்ததா இருக்கும். கிடந்தாலும் லித்தியம் வயசாகும். ஆனா ரிப்போர்ட்ல காட்டுறதை மட்டும் நம்பிடாதீங்க. மலிவு பேட்டரி சிலதுல சிப்பு நல்ல நம்பரைச் சொல்லும், செல்லு மட்டமா இருக்கும். நீங்க வழக்கமா பண்ற வேலையைப் பண்ணிக்கிட்டே எவ்வளவு நேரம் தாங்குதுன்னு கடிகாரத்துல பாருங்க. பழையபடி மூணு மணி நேரம் பக்கத்துல வந்தா சரக்கு நல்லது. வரலன்னா வாரன்ட்டி இருக்கும்போதே திருப்பிக் கொடுங்க.

செக் பண்ணி முடிச்சதும் எண்பதுல போட மறக்காதீங்க. பயாஸ்ல இல்லாம ஆப்ல போட்டதுன்னா விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ஒரு தடவை திறந்து பாருங்க, சில மிஷின்ல பழையபடி நூறுக்குப் போயிடுது. கடை பில்லை இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. அந்த வழுவழு தாள்ல எழுத்து சீக்கிரமே மறைஞ்சு போகும், வாரன்ட்டி கேட்கப் போனா வெள்ளைத் தாளைத்தான் நீட்டணும்.